ஐம்பது முழம்

அபிசாய் நாகார் போய்ச் சேர்ந்த சேதி
காட்பாடி ஜங்ஷனில், இரண்டாவது பிளாட்பாரத்தில்,
தண்டவாளம் வெயிலில் நெளிந்த நேரத்தில் வந்தது.
எண்பத்தேழு வயது. ஒன்பது நாவல்கள்.
அவர் நாட்டில் தபால்தலை போடுவார்களாம்.
என் வண்டி வந்து நின்று போயிற்று.
ஏறத் தோன்றவில்லை.

அவருடைய ஒரே ஒரு நாவலைத் தமிழில் பெயர்த்தவள் நான்,
அதுவும் ஆங்கிலத்தின் முதுகில் ஏறி.
முந்நூறு பிரதி அச்சிட்டோம்.
நூற்று நாற்பது இன்னும் என் கட்டிலுக்கடியில்.

எபிரேய மூலத்தை அவரே அனுப்பியிருந்தார்.
போஸ்ட் ஆபீஸில் புரட்டிப் பார்த்தவர்
"அட்டையைப் பின்னாடி ஒட்டிட்டாம்மா" என்றார்.
பேர்ணாம்பட்டு பைண்டர் கலீலுல்லா மட்டும்
ஒன்றும் கேட்காமல் வலப்பக்கமாய்த் திறந்தார்,
தன் வீட்டுக் கதவைத் திறப்பவர்போல.
ஓர் எழுத்தும் தெரியாது அவருக்கு.
எங்கே தொடங்கும் என்று தெரியும்.

கதை, தோல் பதனிடும் ஒருவரைப் பற்றியது.
போலந்தில் ஏதோ ஓர் ஆற்றங்கரை. அவர் அப்பாதான்.
முதல் பக்கத்தில் நாற்றம், இரண்டாம் பக்கத்திலும் நாற்றம்.
ஆங்கிலக்காரி அதை 'இனிப்பான அழுகல்' என்று முடித்திருந்தாள்.
எங்கள் தெருவுக்கு வந்தவளில்லை.
கடிதம் போட்டேன்:
ஐயா, சுண்ணாம்புக் குழியில் போட்ட முதல் நாளா, மூன்றாம் நாளா?
இரண்டும் வேறு வேறு நாற்றம்.

ஐந்து வாரம் கழித்துப் பதில்:
"மூன்றாம் நாள்.
நாற்பது வருஷமாய் யாராவது கேட்பார்கள் என்றிருந்தேன்."

அப்புறம் கடிதங்கள்.
ஜெபத்துக்கென்று மடித்து வைத்திருந்த மொழியில்
மயிர் சுரண்டும் கத்திக்குச் சொல் தேடி அலைந்ததை எழுதினார்.
குடியேறிய வீட்டில் இன்னொருவரின் சாவி கிடந்ததை
மூன்றாம் நாவலில் எழுதியதற்காக
வாசற்கதவில் துரோகி என்று கிறுக்கியதை எழுதினார்.
பரிசு கொடுத்ததும் அதே ஊர்தான்.

பழைய விதி ஒன்று சொன்னார்:
கல்லறையும் தோல் கிடங்கும்
ஊருக்கு ஐம்பது முழம் தள்ளி.
தோல் கிடங்கென்றால் கிழக்கே மட்டும், காற்று பார்த்து.
நான் எழுதினேன்:
இங்கே காற்றைப் பார்க்கவில்லை,
ஆளைப் பார்த்தார்கள்.
அதற்கு அவர் பதில் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில்
உங்கள் அப்பாவுக்கு எப்படி எங்கள் தீர்க்கதரிசி பெயர் என்று கேட்டார்.

அப்பா ஆபகூக்.
முன்னே பிறந்த மூன்றும் தங்காததால்
எமனுக்கு அருவருக்கட்டும் என்று முதலில் வைத்தது மண்ணாங்கட்டி.
பாதிரியார் தண்ணீர் தெளித்து மாற்றினார்.
டேனரி மேஸ்திரி கடைசிவரை மாற்றவில்லை.

"நான் ஹெர்ஷ் கெர்பராய்ப் பிறந்தவன்.
கெர்பர் என்றால் தோல் பதனிடுபவன்.
கப்பலிலிருந்து இறங்கியதும் கழற்றிப் போட்டேன்.
நாகார் என்றால் ஆறு."
பாலாற்றைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்:
லாரித் தடம், சீமைக் கருவேலம்,
நடுவில் மூன்று ஸ்டம்புகள்.
இதுவும் நாகார்தான் ஐயா.

கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தார்:
மண்ணாங்கட்டியை எப்படி உச்சரிப்பது?
எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் ஒருவனுக்கு வைக்கவேண்டும்.
ஆறு மாதம் பதில் போடவில்லை.
அப்பா கழற்றிப் போட்டதை
இன்னொருவர் எடுத்து உடுத்திக்கொள்வதா என்று
கோபமோ, கூச்சமோ. இன்னும் தெரியவில்லை.

அடுத்த வண்டிக்கு மூன்று மொழியில் அறிவித்தார்கள்.
அது முடிந்ததும், மேற்கே பார்த்து,
ணகரத்தில் நாக்கை நன்றாக மடித்து
ஒரு தடவை சத்தமாய்ச் சொன்னேன்:
மண்ணாங்கட்டி.

கூடையோடு உட்கார்ந்திருந்த பழக்காரர்
என்னை ஏம்மா திட்டுறே என்றார்.